பணம் வந்துவிட்டதாகச் சொன்ன திரை

சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, மாவு ஒட்டிய விரல்களோடு கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் மாட்டியிருந்த தன் துணிப்பையை முழங்கையால் என் பக்கம் தள்ளினார்.

“தாயி, உள்ள போன் இருக்கு. அதுல ஊர்லருந்து வீட்டுக்காரர் அனுப்பின போட்டோவைப் பார்த்து என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க.”

மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் வேலை செய்யும் வீட்டுப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் அவரை மாவ்ஷி என்பேன். நம் ஊரில் சித்தி என்பதுபோல. எங்களுக்குள் பேச்சு இந்தியில். அவருக்கும் அது சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. அவசரத்தில் அவர் மராத்திக்குப் போய்விடுவார், நான் தமிழில் முனகுவேன். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

போட்டோவைத் திறந்தேன். எழுத்தைப் படிப்பதற்கு முன்பே அந்தத் திரையை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மேலே பட்டியல் எண், கீழே பெயர், அதற்கும் கீழே பச்சை நிறத்தில் ஒரே ஒரு சொல்: ‘யஷஸ்வி’. வெற்றி என்று அர்த்தம். வெள்ள நிவாரணப் பணம் இவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அரசாங்கத்தின் இணையப் பக்கம் சொல்கிறது.

“பணம் வந்துடுச்சுன்னு போட்டிருக்கு, மாவ்ஷி.”

“எனக்கும் படிக்கத் தெரியும். நான் படிச்சாலும் அப்படித்தான் இருக்கு. நீங்க படிச்சா வேற ஏதாவது இருக்குமோன்னு பார்த்தேன்.” சிரிக்கவில்லை. “ஆனா பாஸ்புக்ல எதுவுமே இல்ல. நேத்துக் கூட பாங்க்ல போய் அடிச்சுப் பார்த்தேன்.”

“பாங்க்ல லேட்டாகும். நாலு நாள் பாருங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மாவுக்குத் திரும்பிப் போனார். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது பொய். ‘வெற்றி’ என்று திரை சொன்னால் எங்கேயோ ஒரு கணக்கில் பணம் விழுந்துவிட்டது, இனி நாலு நாளில் மாற ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தத் திரையை வடிவமைத்தவர்களில் நானும் ஒருத்தி.

யெர்வடா பக்கத்தில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மழையிலும் ஆலங்கட்டியிலும் பயிர் போனவர்களுக்கு நிவாரணம் கிடைத்ததா இல்லையா என்று அவர்களே பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் வேண்டும் என்று அந்த வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. எந்த நிலைக்கு எந்தச் சொல், எந்த நிறம், எந்தப் பொத்தான் என்று முடிவு செய்து எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. முதலில் போட்ட வரைவில் ‘வெற்றி’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: எந்த வங்கி, கணக்கின் கடைசி நான்கு எண்கள். சின்ன போனில் பார்க்கும்போது அந்த வரி உடைந்து அசிங்கமாகத் தெரிந்தது. நான் அதன் ஓரத்தில் ‘தேவையில்லை, எடுத்துவிடலாம்’ என்று ஒரு குறிப்பு எழுதினேன். எடுத்துவிட்டார்கள். பணம் போனவர்களுக்குப் புகார் எதற்கு என்று, ‘வெற்றி’ வந்தால் புகார்ப் பொத்தான் மறைந்துவிட வேண்டும் என்றும் எழுதினேன். அன்று மதியம் எல்லோரும் பாராட்டினார்கள். திரை சுத்தமாக இருந்தது.

மாவ்ஷி எங்கள் வீட்டுக்கு வந்ததே அந்த மழையால்தான். நகர் ரோட்டில் வாகோலியைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் அவருடைய ஊர். இரண்டு ஏக்கர். பருவத்தின் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு நிலத்துக்குள் புகுந்தது. அறுக்க இருந்த சோயா அழுகியது. வெங்காய நாற்று போனது. பயிர் போனது பெரிதில்லை, மண்ணே போய்விட்டது என்பார் அவர். ஒரு மூலையில் முழங்கால் ஆழத்துக்கு மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய், அடியில் இருந்த கல் வெளியே தெரிந்ததாம். கிராமக் கணக்குப் பார்க்கும் தலாட்டி வந்து போட்டோ எடுத்து, சேதத்தை எழுதிக்கொண்டு போனார். பட்டியலில் பெயர் வந்தது. சேவை மையத்தில் விரல் ரேகையும் வைத்தாயிற்று. பணம் வரும்வரை மாட்டுக்குத் தீவனம் வாங்கவாவது வேண்டுமே என்று மாவ்ஷி வட்காவ் ஷேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்து தங்கி, விமான் நகரில் மூன்று வீடுகளில் சமையலுக்குச் சேர்ந்தார். கணவர் ஊரில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலம் மாவ்ஷியின் பெயரில் இருந்தது. மகனுக்குக் குடிப்பழக்கம் என்று பயந்து மாமனார் மருமகள் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போனார். கணவர் குடியை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஆனால் பத்திரத்தில் பெயர் இல்லாதது அவருக்கு இன்னும் உறுத்தல்தான் என்று மாவ்ஷி ஒருமுறை பாத்திரம் துடைத்தபடி சொல்லியிருந்தார்.

நாலு நாள் பாருங்க என்று சொன்னேன் இல்லையா, அந்த நாலு நாளும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் மீட்டிங் நடக்கும்போது எழுந்து தண்ணீர் பிடிக்கப் போவேன். போய் நின்றதும் எதற்கு வந்தேன் என்று மறந்துவிடும். மாவ்ஷியின் பட்டியல் எண்ணைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். பச்சை மாறவே இல்லை. உள்ளே போய் அவர் கணக்கு எது என்று பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. மேலாளரிடம் பொதுவாகச் சொல்வதுபோல், “வெற்றின்னு காட்டியும் பணம் வராதவங்க இருந்தா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டேன்.

“அப்படிப் புகார் எதுவும் வரலையே” என்றார் அவர்.

புகார்ப் பொத்தானை எடுத்தது நான்தான் என்று அவருக்கு நினைவில்லை. நினைவூட்டாமல் என் இருக்கைக்குத் திரும்பினேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் கோவைப் பக்கம்.

“ஏனுங்க, பணம் வேற கணக்குக்குப் போயிருக்கும்னு நினைக்கிறேன். நான் கேட்டுப் பார்க்கட்டுங்களா?”

“அதுல கைய வச்சா உன்ற வேலைக்குப் பிரச்சனை வராதா?”

“அவங்க ஆதாரை அவங்களே பார்க்கலாமுங்க. நான் கூட உட்காரப் போறேன், அவ்வளவுதான்.”

“அப்பறம் என்ன, முதல் நாளே பண்ணியிருக்க வேண்டியதுதானே கண்ணு” என்றார். பார்த்தால் என் தவறு வெளியே வந்துவிடும் என்று நினைத்திருப்பேன். அல்லது, பார்க்காதவரை அது தவறாக இல்லாமலும் இருக்கலாம் என்று.

ஐந்தாம் நாள் மாவ்ஷி வந்ததும் நேராக வேலையில் இறங்கினார். வழக்கமாகக் கேட்கும் ‘இன்னைக்கு என்ன காய்?’ என்ற கேள்விகூட இல்லை. வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்தவர் கையை நிறுத்தாமலே பேசினார்.

“ஊர்ல காய்கறி மார்க்கெட்ல எங்க வீட்டுக்காரர் அந்த போட்டோவை எல்லார்கிட்டயும் காட்டியிருக்கார், தாயி. பணம் வந்தாச்சு, இவ பட்டணத்துல வச்சுக்கிட்டு இல்லைங்கறான்னு. நேத்து போன்ல என்னைத் திருடின்னு சொல்லல. ஆனா, ‘உன் பேர்ல இருக்கிற நிலம், உன் பேர்ல வந்த பணம், நான் யார் கேட்க’ன்னு சொன்னார். அதுக்கு அதுதானே அர்த்தம்?”

வெண்டைக்காய் எல்லாவற்றையும் அளவுக்கு அதிகமாகப் பொடியாக நறுக்கிவிட்டிருந்தார். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அவரைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன். ஆதார் தளத்தில் அவர் எண்ணைப் போட்டோம். அவர் போனுக்கு வந்த கடவு எண்ணை அவரே ஒவ்வோர் இலக்கமாகப் படித்துச் சொன்னார். எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று திரை காட்டியது. அவர் பாஸ்புக் வைத்திருந்த வங்கி அது இல்லை. வேறு ஒன்று.

“இந்த பாங்க்ல உங்களுக்குக் கணக்கு இருக்கா?”

“இல்லவே இல்ல” என்றார். பிறகு அந்த வங்கியின் பெயரை மறுபடி படித்தார். “சாகண்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல எட்டு மாசம் வேலை பார்த்தேன். ரொம்ப நாள் முன்னால. சம்பளம் போடணும்னு கான்ட்ராக்டர் ஆள் எல்லார் கிட்டயும் விரல் ரேகை வாங்கினான். ஏ.டி.எம். கார்டு மட்டும் குடுத்தாங்க. வேலை நின்னதும் அதைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

அரசாங்கம் அனுப்பும் பணம் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். கிராமத்து பாஸ்புக் பழையது. சாகண் கணக்கு அதற்குப் பிந்தியது. நாங்கள் செய்த நிவாரணத் திரையின் அடியில் வங்கியின் பெயர் மட்டும் இருந்திருந்தால் மாவ்ஷி முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார். அவர் கணவரும் அதைப் படித்திருப்பார்.

என் கணவரின் தொழிற்சாலைக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. அந்த வியாழன் நான் லீவு போட்டேன். மூவருமாகக் காரில் சாகணுக்குப் போனோம். லாரிகளுக்கு நடுவில் போசரியிலிருந்து ஊர்ந்துகொண்டே இருந்தது வண்டி. மாவ்ஷி பின் இருக்கையில் ஆதார் அட்டை, நிலத்துக்கு நம் பட்டா போன்ற சாத்பாராவின் நகல், போட்டோக்கள் எல்லாவற்றையும் மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தார். நான் முன்னால் உட்கார்ந்து, இப்போது சொல்லிவிடலாம், இந்த சிக்னலில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை.

வங்கியில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். கணக்கு இருந்தது. பல வருடம் தொடாததால் முடங்கிப்போயிருந்தது. படிவம் நிரப்பி, புதிய போட்டோ ஒட்டி, விரல் ரேகை வைத்து மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். மாவ்ஷியின் விரலை இயந்திரம் மூன்று முறை ஏற்கவில்லை. நான்காவது முறை அதிகாரி எழுந்து வந்து, அவர் கையைத் துணியால் துடைத்து, மெல்ல அழுத்திப் பிடித்தார். ஏற்றுக்கொண்டது. புது பாஸ்புக்கை அச்சடிக்கும் இயந்திரம் கரகரவென்று ஓடியது. கடைசி வரியில் நிவாரணப் பணம். திரையில் பச்சை வந்த அதே நாளில் வந்திருந்தது. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மாவ்ஷி அந்த வரியை விரலால் ஒருமுறை தடவினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. வெளியே வந்து படியில் நின்றதும் நான் என் போனை எடுத்தேன்.

“உங்க வீட்டுக்காரர் நம்பரைக் குடுங்க. நான் பேசறேன். என்ன நடந்ததுன்னு சொல்றேன்.”

“வேண்டாம்.”

“பாஸ்புக்கைப் போட்டோ எடுத்தாவது அனுப்பலாமே?”

“வேண்டாம் தாயி. நீங்க சொன்னா அவர் நம்புவார். பாஸ்புக் சொன்னா நம்புவார். நான் சொன்னப்போ நம்பல. அவரே வந்து கேட்கட்டும்.”

என் கணவர் காரில் காத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பும் வழியெல்லாம் கால்களை ஆட்டிக்கொண்டே வந்தேன். ஒரு போன் செய்தால் முடிகிற விஷயம். அதைச் செய்ய விடாமல் மாவ்ஷி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. யாருக்காக இத்தனை அவசரப்படுகிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பத்து நாள் அப்படியே போனது. மாவ்ஷி வழக்கம்போல வந்தார், சமைத்தார், போனார். ஊரிலிருந்து வந்த யாரிடமோ சொல்லி எனக்கு ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தார். “நீங்க இல்லைன்னா எனக்கு வழியே தெரிஞ்சிருக்காது” என்றார். அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் அலமாரியில் வைத்தேன், பிறகு பால்கனிக்கு மாற்றினேன்.

பதினோராவது நாள் காலை கீழே காவலாளி இன்டர்காமில் கூப்பிட்டார். சமையல்காரப் பெண்ணைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறாராம். மேலே அனுப்பச் சொன்னேன். வெள்ளைத் தொப்பி, கசங்கிய சட்டை, முதல் பஸ்ஸில் ஏறி வந்த களைப்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர மறுத்து நின்றார். மாவ்ஷி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. சமையலறைக் கதவு திறந்திருந்ததால் அவருக்கும் எல்லாம் கேட்கும்.

அவர் என்னிடம்தான் பேசினார். “தாயி, நீங்க படிச்சவங்க. அதுல யஷஸ்வின்னு தெளிவா போட்டிருந்துச்சு. அது உண்மையா, பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க.”

“உண்மைதான். ஆனா பணம் போனது அவங்களுக்கே தெரியாத ஒரு கணக்குக்கு. சாகண்ல வேலை பார்த்தப்போ கான்ட்ராக்டர் தொடங்கின கணக்கு. அவங்க உங்ககிட்ட சொன்னது எல்லாமே சரி.”

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தார். “எந்த பாங்குன்னு ஒரு வரி போட்டிருந்தா எங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. ஏன் போடல?”

இரண்டு வாரத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

“போட்டிருந்தாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். அந்தப் பக்கத்தை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி. புகார் பண்ற பொத்தானையும் நான்தான் எடுத்தேன்.”

சமையலறையில் பூரிக்கட்டை ஓடும் சத்தம் நின்றது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. “படிச்சவங்க எழுதினது தப்பா இருக்கும்னு நான் எப்படி நினைக்கிறது?” என்றார். “வீட்டுக்காரி சொல்றது தப்பா இருக்கும்னு நினைக்கிறது சுலபமா இருந்துச்சு.”

மாவ்ஷி வெளியே வந்தார். கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்னு இல்ல... சந்தேகம் இருந்துச்சு.”

“நாலு நாள் பாருங்கன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“அந்த நாலு நாள்லதான் அவர் ஊரெல்லாம் காட்டினார்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கணவரோடு படியிறங்கிப் போனார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே இருவரும் ஒருவருக்கொருவர் நாலடி இடைவெளியில் நின்று நெடுநேரம் பேசினார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மாவ்ஷி பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு நாள் அவர் வரவில்லை. நான் அந்த இரண்டு நாளில் ஒரு காரியம் செய்தேன். மேலாளருக்கும் குழுவில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வரைவின் ஓரத்தில் என்ன எழுதினேன், எதை எடுக்கச் சொன்னேன், அதனால் ஒரு குடும்பத்தில் என்ன நடந்தது என்று வரிசையாக. பெயர் சொல்லவில்லை. அனுப்பிவிட்டு உடனே அழித்துவிடலாமா என்று துடித்தேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “இதை வாயால சொல்லியிருக்கலாமே, எழுத்துல எதுக்கு?” என்றார். கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் கூட்டத்தில் வைத்தார். வங்கிப் பெயரும் கடைசி நான்கு எண்களும் திரும்பச் சேர்க்க ஒப்புதல் கிடைத்தது. புகார்ப் பொத்தான் மட்டும் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று நிற்கிறது. இதை எழுதும்போதும் நிற்கிறது.

மூன்றாம் நாள் மாவ்ஷி வந்தார். பழைய மாதிரி சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்துக் காகிதத்தை மேசைமேல் வைத்தார். பேனாவால் எழுதிய பதினோரு பெயர்கள், பக்கத்தில் பட்டியல் எண்கள்.

“எங்க ஊர்ல இவங்களுக்கும் பச்சைதான் காட்டுது. பணம் இல்ல. அவர் வீடு வீடாப் போய் எழுதி வாங்கிட்டு வந்தார்.”

“அவரா?”

“ஊரெல்லாம் போய்க் காட்டினவர் அவர்தானே. அவரே போகட்டும்னு சொன்னேன்.”

அந்த மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் அவர்கள் ஊருக்குப் போனேன். கிராமப் பள்ளியின் வராந்தாவில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாவ்ஷியின் கணவர் ஒவ்வொருவராக அழைத்துவந்து, கடவு எண் வரும்போது மூக்குக் கண்ணாடி இல்லாதவர்களுக்குப் படித்துச் சொன்னார். ஏழு பேருடைய பணம் பழைய கணக்குகளில் கிடைத்தது: பால் சங்கத்துக்காகத் தொடங்கியது, சர்க்கரை ஆலையில் வேலைக்கு நின்றபோது தொடங்கியது என்று. இரண்டு பேருக்கு இறந்துபோனவர் பெயரில் போயிருந்தது. அதற்கு வாரிசுச் சான்று வேண்டும், அது தனி அலைச்சல். மிச்சம் இரண்டு பேருக்கு எங்கே போனது என்று என்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கமாட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டியதும் எழுந்து போவார்.

மாவ்ஷி தை பிறந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டார். ஜே.சி.பி. வைத்து ஏரியிலிருந்து வண்டல் கொண்டுவந்து அந்த மூலையை நிரப்பியிருக்கிறார்கள். பணம் அதற்கே போதவில்லையாம். நிலம் யார் பெயரில் என்ற பேச்சு வீட்டில் இன்னும் எழுகிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை போன் செய்கிறார். நலம் விசாரித்த பிறகு, அந்த இரண்டு பேர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பார்.

போன வாரமும் கேட்டார். இன்னும் தெரியலை மாவ்ஷி என்றேன். வங்கிகளுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன். நாலு நாள் பொறுங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவர் ‘பரவாயில்ல’ என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரின் பட்டியல் எண்களையும் மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொன்னார். என்னிடம் இருக்கிறது என்றாலும் எழுதிக்கொண்டேன்.